வண்டியை நிறுத்தச் சொன்னவர்

"மெல்ஸ் தம்பி, கொஞ்சம் நிறுத்து."

"மறுபடியுமா அண்ணே? இப்பத்தானே பாலத்துகிட்ட நிறுத்தினேன்."

"பாலத்துகிட்ட போனது வீட்ல குடிச்ச டீ. இது சந்தையில குடிச்சது."

"இனிமே உங்களுக்கு ஒரு டிக்கெட், உங்க மூத்திரப்பைக்கு ஒரு டிக்கெட். சொல்லிட்டேன்."

"அதுக்கு அரை டிக்கெட் போடுப்பா. இன்னும் சின்னப்பிள்ளைதானே அது."

வண்டிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். மெல்ஸ் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. கிழவனை அவசரப்படுத்த அடிக்கடி உறுமவிட்டுக்கொண்டிருந்தான். சகினாலி இறங்கினார். இறங்கியவர் திரும்பி, உள்ளே ஜன்னலோரம் விறைத்து உட்கார்ந்திருந்த தன் மனைவி ஜூராகானைப் பார்த்து அதட்டினார்.

"வண்டி எப்படியும் நின்னுடுச்சு. நீயும் இறங்கி வா. அப்புறம் நான் ஒருத்தன்தான் நிறுத்தறேன்னு எம்மேல பழி போடாதே."

"எனக்கு ஒண்ணும் வரல" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுவாள். எழும்போது முன்சீட்டைப் பிடித்துக்கொள்வாள். இருவரும் சரிவில் இறங்கிப் பாறை மறைவுக்குப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் சகினாலி பாடுகிற சத்தம் கேட்கும். தொண்டை கிழியப் பாடுவார். ராகமும் இருக்காது, தாளமும் இருக்காது.

"ஒண்ணுக்குப் போறதுக்கு எதுக்குய்யா பாட்டு?" என்று யாராவது கேட்பார்கள்.

"பாடினாத்தான் வருமாம். வயசானா நீயும் பாடுவ."

பாறைக்கு அந்தப் பக்கம் அவர் முதுகைக் காட்டி நின்றிருப்பார். தன் நீளக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் கைகளால் விரித்துத் திரைபோலப் பிடித்திருப்பார். அவருக்குப் பின்னால் குந்தியிருப்பது ஜூராகான். போக வேண்டியிருந்தது அவளுக்குத்தான். எப்போதுமே அவளுக்குத்தான்.

கர்ப்பப்பையின் வாயில் கட்டி என்று தலைநகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்தது. ஊரே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனது, ஒரு ஆடும் வெட்டினார்கள். அடுத்த வருஷம் சிறுநீரில் ரத்தம் வந்தது. கட்டி திரும்பிவிட்டதென்று இருவரும் அழுதுகொண்டே மறுபடியும் மலையேறிப் போனார்கள்.

"கட்டி இல்லம்மா, பயப்படாதீங்க" என்றாள் டாக்டரம்மா. "கரண்ட் கட்டியை எரிச்சப்போ பக்கத்து வீட்டையும் கொஞ்சம் எரிச்சுடுச்சு. மூத்திரப்பைதான் பக்கத்து வீடு. சில பேருக்கு ரொம்ப நாள் கழிச்சு இப்படி வரும். பை சுருங்கிப்போச்சு, தோல் விறைச்சுப்போச்சு. ஒரு கிண்ணம் டீயைக்கூட அதால தாங்க முடியாது."

"தண்ணியை நிறுத்திட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"அதைத்தான் எல்லாரும் செய்யறீங்க. நிறுத்தினீங்கன்னா மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரியும், ரத்தம் கட்டி வழியை அடைச்சுடும். நிறைய தண்ணி குடிக்கணும். டீயை வேணா குறைங்க. மாத்திரை தரேன். அதுக்கும் கேக்கலைன்னா வயித்துல ஒரு வழி பண்ணி, வெளிய பை மாட்டிடலாம். எத்தனையோ பேர் அப்படி நல்லா இருக்காங்க."

ஜூராகான் வாயைப் பொத்திக்கொண்டாள். சகினாலி சொன்னார்: "அந்தப் பையை எனக்கு மாட்டிடுங்க டாக்டர். இவளுக்கு வெக்கம் ஜாஸ்தி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவரை ஒருமுறை பார்த்தாள். "வெக்கத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்றாள்.

திரும்பி வரும் வழியில்தான் அவர் முதன்முதலாக வண்டியை நிறுத்தச் சொன்னது. அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உதட்டைக் கடித்திருந்தாள், அவ்வளவுதான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று பாறைக்குப் பின்னால் கேட்டாள்.

"ஆம்பளைக்கு வயசானா இதெல்லாம் வரும், யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க. நீ குடி. நல்லா குடி. நிறுத்தச் சொல்ல நான் இருக்கேன்."

அப்படியே ஊரில் அவருக்கு அடக்க முடியாத கிழவன் என்ற பெயர் வந்தது. நரின் நகரத்து மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயாப்பரை அவரே போய், சத்தமாக, "எனக்குத்தான்மா, என் இடுப்பு அளவுக்குக் கொடு" என்று கேட்டு வாங்குவார். வாங்கி வந்ததை, மலைப்பாதை ஏறாத தன் பழைய காரின் டிக்கியில் கறுப்புப் பைக்குள் வைத்திருப்பார், வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் அவளுக்குக் கூசும் என்று. நனைந்த போர்வைகளைத் துவைத்து ரோட்டைப் பார்த்த கொடியில் அவரே காயப்போடுவார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை துணி காயப்போடுவதை அதற்குமுன் ஒருவரும் பார்த்ததில்லை.

"என்ன சகினாலி, ராத்திரி மழையா?"

"ஆமா, என் வீட்டுக்குள்ள மட்டும் பெஞ்சுது."

எல்லோரையும்விட அவரை அதிகம் பகடி பண்ணியது அவருடைய தங்கை காலிபாதான். கொச்கோரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். தன் மூத்த மகன் கல்யாணத்தில், நூறு பேர் உட்கார்ந்திருந்த விருந்தில், அண்ணனுக்கு ஒரு பரிசு என்று சொல்லிக் கைக்குட்டையில் சுற்றிய எதையோ நீட்டினாள். அவர் பிரித்தார். குழந்தைகளை மரத்தொட்டிலில் கட்டிப்போடும்போது மூத்திரம் படுக்கையில் படாமல் கீழே உள்ள கிண்ணத்துக்குப் போகும்படி மாட்டுவோமே, அந்த மரக்குழாய்.

"போட்டுக்கண்ணா. மெல்ஸ் வண்டி நிக்காம ஓடும்."

விருந்தே குலுங்கியது. அண்ணனும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குழாயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஜூராகான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறி வெட்டிக்கொண்டிருந்தவர் ஒரு துண்டை அவள் முன்னால் வைத்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"அண்ணிக்குக் கோவம் பாரு" என்றாள் காலிபா. "புருஷனைச் சொன்னா பொறுக்காதோ? போர்வையை அவனே துவைக்கறப்ப மட்டும் பொறுக்குதா?"

வீட்டுக்குத் திரும்பியதும், அடுத்தமுறை உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று ஜூராகான் அழுதாள். அவர் விடவில்லை. "என் தங்கச்சி சிரிச்சா எனக்கு ஒண்ணும் வலிக்காது. உன்னை எவளாவது ஒரு பார்வை பார்த்தா என்னால தாங்க முடியாது. விடு" என்றார். குழாயைக் கார்க் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டார்.

சகினாலி செத்துப்போனது முதல் பனி விழுந்த வாரம். மாட்டுக்கு வைக்கோல் இழுத்துப் போட்டுவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். "டீ போடு. எனக்கும் போடு, உனக்கும் வெந்நீர் எடுத்துக்கோ" என்றார். அவள் கொண்டுவரும்போது கதவில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் வெந்நீரைக் குடித்து முடித்தாள்.

மத்தியானத்துக்குள் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பிவிட்டது. அவரை அதற்குள் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். மகன் உலான் மாஸ்கோவில் வேலை செய்தான். அவன் வந்து சேரும்வரை, மறுநாள் சாயங்காலம்வரை, அடக்கம் செய்யாமல் வைத்திருப்பதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எர்கின் என்ற மருமகன் முறைக்காரன் தூரத்து உறவுக்காரர்களை அழைத்துவர சகினாலியின் காரை எடுத்துக்கொண்டு போனான். கறுப்புப் பையும் டிக்கியில் போய்விட்டது.

எங்களில் புருஷன் செத்தவள் கூடாரத்தை விட்டு அசையக்கூடாது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, கூடாரத்து மரச்சட்டத்தைப் பார்த்து உட்கார வேண்டும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். தெருமுனையிலிருந்தே ஆண்கள் கதறிக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே பெண்கள் ஒப்பாரி எடுக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால் எடுக்க வேண்டியவள் பெண்டாட்டி. பிணம் இருக்கிற கூடாரத்தில் அடுப்பு மூட்டமாட்டார்கள். தரையிலிருந்து குளிர் ஏறும். சுருங்கிப்போன பைக்குக் குளிர் சத்துரு.

ஜூராகான் பழைய துணிகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தருகிறவர்களிடம் எல்லாம் தலையாட்டி மறுத்தாள். துக்கத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. கூடாரத்தை விட்டு அவரைத் தூக்கும்போது பார்ப்பதுதான் கடைசி. அந்த நேரத்தில் அவள் வெளியே கழிப்பறையில் இருந்துவிட்டால்?

ஆனாலும் போக வேண்டியிருந்தது. ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் எழுந்து ஓடினாள், வந்தாள். திரும்ப ஓடினாள். இரண்டாம் நாள் காலை, தெருமுனையில் கதறல் எழும்பியபோதே அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வந்த ஆண்கள் கூடாரத்தின் முன்னால் கோலை ஊன்றி அழுதார்கள். உள்ளே முதல் குரல் எழும்பவில்லை. காலிபாதான் எடுத்துக்கொடுத்தாள்.

அந்தக் கூட்டம் சாப்பிடப் போனதும் அவள் நேராக விறகுக் குவியலுக்குப் பின்னால் வந்தாள். ஜூராகான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணி, என்ன விளையாட்டு இது?"

"வரேன், போ."

"எங்க வர்ற? நேத்துலேர்ந்து பாக்கறேன். ஆள் வர்ற நேரம் பாத்து எழுந்து ஓடற. இங்க வந்து என்ன பண்ற, போன் பேசறியா? அங்க படுத்திருக்கறது யாரோ எவனோவா?"

"காலிபா, மெதுவா பேசு."

"ஏன் மெதுவா பேசணும்? ஊரே கேக்குது, பொண்டாட்டிக்கு அழுகை வரலையான்னு. எங்கண்ணன் நனைச்ச போர்வையில படுத்துப் படுத்துச் சலிச்சுப்போச்சா உனக்கு? விட்டது தொல்லைன்னு இருக்கா?"

ஜூராகான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அவர் நனைச்சது இல்ல."

"என்ன?"

"ஒண்ணுகூட அவர் நனைச்சது இல்ல."

அவள் பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினாள். உள்ளே சுருட்டி வைத்திருந்த துணி கனத்துத் தொங்கியது. ஓரத்தில் இளஞ்சிவப்பு. காலிபா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் திறந்தபடி நின்றது.

"கரண்ட் வெச்சதுலேர்ந்தா?"

"அதுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து."

"அப்போ மெல்ஸ் வண்டியில..."

"நான்தான்."

"மருந்துக் கடையில..."

"எல்லாம் நான்தான்."

"அந்தக் குழாய்" என்றாள் காலிபா. "நான் நூறு பேர் முன்னாடி..."

"கார்க் கண்ணாடியில கட்டி வெச்சிருக்காரு. ஏறி உக்காரும்போதெல்லாம் அதை ஆட்டிவிட்டுச் சிரிப்பாரு. என் தங்கச்சி குடுத்ததும்பாரு."

காலிபா விறகுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் தன் வாயில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி சொல்லல? எங்கிட்ட மட்டுமாவது ஏண்டி சொல்லல? நான் அவனை எப்படியெல்லாம்... போன மாசம்கூட, போன்ல, ‘என்னண்ணா, குழாய் சொட்டுதா’ன்னு கேட்டேன். அதான் நான் அவங்கிட்ட கடைசியா பேசினது."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

"அப்போ சரி" என்றாள் ஜூராகான்.

கொப்பரையில் கறி வேகும் வாசனை முற்றத்திலிருந்து வந்தது.

"என்ன பண்ணணும் சொல்லு" என்றாள் காலிபா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணும் வேணாம். அவரைத் தூக்கறப்ப நான் உள்ள இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் நேத்துலேர்ந்து பல்லுல தண்ணி படாம இருக்கேன்."

"டாக்டர் அப்படியா சொன்னா?"

"குடிக்கணும்னுதான் சொன்னா. குடிக்கலைன்னா ரத்தம் கட்டி அடைச்சுக்கும்னா."

"அடிப்பாவி! எங்கண்ணன் உன்னை இதுக்கா இவ்ளோ பத்திரமா பாத்துக்கிட்டான்?"

அவள் ஓடிப்போய் ஒரு செம்பு வெந்நீர் கொண்டுவந்தாள். தன் கம்பளிச் சால்வையை உருவிக் கிழித்து மடித்துக் கொடுத்தாள். டயாப்பர் பை காரோடு போய்விட்டதென்று ஜூராகான் சொன்னதும் எர்கினுக்குப் போன் போட்டாள். "டேய், டிக்கியில ஒரு கறுப்புப் பை இருக்கும். சீக்கிரம் கொண்டா. திறந்து பாத்தா கையை ஒடிச்சிடுவேன்." அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான். "ஆமாடா, மாமாவோடதுதான். செத்தவன் சாமான். கொண்டா."

ஜூராகான் செம்பை வாயருகே வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"குடி. நான் இருக்கேன்" என்றாள் காலிபா.

ஜூராகான் குடித்தாள்.

உலான் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தான்; எர்கினும் கறுப்புப் பையும் அதுவரை வரவில்லை. தாயைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு ஆண்கள் உள்ளே போய் உடலைக் குளிப்பாட்டித் துணி சுற்றினார்கள். அதுவரை பெண்கள் வெளியே இருந்தார்கள். "இன்னும் நேரமிருக்கு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜூராகான் கழிப்பறைக்குப் போனாள்.

நேரம் இருக்கவில்லை. வெயில் மலைக்குப் பின்னால் சாய்வதைப் பார்த்து, தொழுகை நடத்த வந்திருந்த ஊர் மோல்டோ, இருட்டுவதற்குள் தொழுகையும் முடிந்து மண்ணும் போட்டாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். பெண்களை உள்ளே கூப்பிட்டு அவசரமாக முகம் காட்டினார்கள்; அந்த நெரிசலில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவரைச் சந்தூக்குப் பெட்டியில் கிடத்தித் தோளுக்கு ஏற்றினார்கள். முன்கட்டையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் மெல்ஸ்.

காலிபா சுற்றிலும் பார்த்தாள். அண்ணி இல்லை. வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. சட்டென்று போய்க் கூடாரத்து வாசலில் இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துங்க!"

"காலிபா, அம்மா" என்றார் மோல்டோ. "அழறது தப்பில்ல. வழியை மறிக்கறது தப்பு. விடு."

"நான் அழல. எனக்கு ஒண்ணுக்கு முட்டுது."

மோல்டோ காதை முன்னால் சாய்த்தார்.

"என்ன சொன்ன?"

"காது கேக்கலையா? ஒண்ணுக்கு வருது. நான் போயிட்டு வர்ற வரைக்கும் எங்கண்ணனை யாரும் இந்த வாசலைத் தாண்டி எடுத்துட்டுப் போகக்கூடாது."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இவ்ளோ நேரம் என்ன பண்ணின? இப்ப அடக்கிக்க முடியாதா?"

"முடியாது. அவனுக்கு இருந்த வியாதிதான் எனக்கும். எங்க வீட்டு ரத்தமே அப்படி. நம்பிக்கை இல்லைன்னா அவனைக் கேளுங்க, அங்கதானே இருக்கான்."

யாரோ சீ என்றார்கள். ஒரு பெரியவர் காறித் துப்பினார். மாஸ்கோவிலிருந்து வந்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். முன்கட்டையில் மெல்ஸின் தோள் குலுங்கியது. அவனுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அது பாதியிலேயே திரும்பிக் கேவலாக வெளியே வந்தது.

"விடுங்க மோல்டோ" என்றான். "அவருக்கு நின்னு நின்னு பழக்கம்தான். நாங்க தாங்கிப்போம். போயிட்டு வரட்டும்."

காலிபா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அந்த வயதில், அந்த உடம்போடு ஊர் முழுக்கப் பார்க்க ஓடினாள்.

"அண்ணி! கதவைத் திற!"

"வரல காலிபா. அடைச்சுக்கிச்சு. வயிறு வெடிக்கற மாதிரி இருக்கு." உள்ளிருந்து குரல் நடுங்கியது. "சத்தம் கேட்டுதே. தூக்கிட்டாங்களா? போயிட்டாரா?"

"போகல. நிறுத்தி வெச்சிருக்கேன்."

"எப்படி?"

"எனக்கு முட்டுதுன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான். மோல்டோ முகத்தை நீ பாத்திருக்கணும்."

கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. சிரித்தாளா அழுதாளா தெரியாது. அந்தக் குலுக்கலில்தான் அடைப்பு விட்டது போலிருக்கிறது. "அம்மா" என்று ஒரு முனகல், பிறகு விழுகிற சத்தம். கதவு திறந்தபோது அவள் முகம் மாவாக வெளுத்திருந்தது. காலிபா அவள் இடுப்பை அணைத்துக்கொண்டாள். இருவரும் முற்றத்தைக் கடந்து வந்தார்கள்.

சந்தூக்கு வாசலுக்கு உள்ளே, அதே இடத்தில், ஆண்களின் தோளில் நின்றுகொண்டிருந்தது. ஜூராகான் அதன் கட்டையைத் தொட்டாள். இரண்டு நாளாக எடுக்காத குரல் அப்போதுதான் வந்தது.

"வழியெல்லாம் நின்னவரே
எனக்காக நின்னவரே
பனியில நின்னவரே
பாட்டெடுத்து நின்னவரே
இப்ப மட்டும் நிக்காம
எங்கே போறீர் என்னை விட்டு..."

அழகான ஒப்பாரி என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். காலிபாவைத் தவிர ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. அவள் கட்டையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு குரலே எழும்பாமல் நின்றாள். பிறகு ஆண்கள் நடக்கத் தொடங்கினார்கள்.

ஊருக்குப் பேச ஒன்று கிடைத்தது. ஏழாம் நாள் சாப்பாட்டில், போர்சோக் மாவுத்துண்டுகள் பொரிக்கிற சட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, காலிபா வருகிறாளா என்று பார்த்துவிட்டுப் பேசினார்கள். அண்ணன் பிணத்தை நிறுத்திவிட்டு ஒண்ணுக்குப் போனவள். அவள் காதிலும் விழுந்தது. "ஆமா, போனேன். வந்தா உனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பொரித்ததை அள்ளிக்கொண்டு போனாள். அந்த வாயிடம் யார் மேலே பேசுவது? உலான் மாஸ்கோவுக்குத் திரும்பும்வரை அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூராகானுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தம் நிற்கவில்லை. கொடியில் போர்வை காய்ந்தது. இப்போது காயப்போட்டவள் காலிபா.

"இது யாருதுன்னு கேட்டா என்னுதுன்னு சொல்லிடறேன்" என்றாள்.

"நீ கொச்கோருக்குப் போனப்புறம்?"

காலிபா போர்வையின் ஓரத்தை இழுத்து நீவிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று ஜூராகான்தான் சொன்னாள். பை மாட்டினாலும் மாட்டட்டும் என்றாள். அவளோடு காலிபாவும் கிளம்பினாள். மெல்ஸ் வண்டியில் ஜன்னலோரத்து இரட்டை இருக்கை. சகினாலி உட்காருகிற இடத்தில் அவருடைய கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு காலிபா உட்கார்ந்தாள். ஜூராகான் கையில் ஒரு பாட்டில் தண்ணீர். வழியெல்லாம் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே வந்தாள்.

தொலோன் கணவாய் ஏறும்போது மெல்ஸ் கண்ணாடியில் காலிபாவைப் பார்த்தான். உதட்டில் பழைய பகடியின் மிச்சம் ஒன்று இருந்தது.

"என்னக்கா, குடும்ப வியாதி எப்படி இருக்கு? நிறுத்தணுமா?"

காலிபா வாயைத் திறந்தாள். அதற்குள் ஜூராகான் பேசிவிட்டாள்.

"நிறுத்து தம்பி. அவளுக்கு இல்ல, எனக்கு."

"சரி அண்ணி, உங்களுக்குன்னா..."

"எப்பவும் எனக்குத்தான்."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"அண்ணன் நிறுத்தச் சொன்னதெல்லாமா?"

"எல்லாம்."

"அந்த அரை டிக்கெட்?"

"அதுவும்."

வண்டிக்குள் யாரும் சிரிக்கவில்லை. மெல்ஸ் ஓரமாக ஒதுக்கினான். பிறகு எஞ்சினை அணைத்தான்.

மேலே காற்று ஊளையிட்டது. இருவரும் கைபிடித்துச் சரிவில் இறங்கினார்கள். எந்தப் பாறை என்று ஜூராகானுக்குத் தெரியும். அவள் குந்தினாள். காலிபா அண்ணனுடைய கோட்டைத் தோளில் போட்டு, முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"இப்படித்தானா?"

"இன்னும் கொஞ்சம் அகலமா."

"அப்புறம் என்ன பண்ணுவான்?"

"பாடுவாரு."

"எதுக்கு?"

"நான் போற சத்தம் வண்டி வரைக்கும் கேக்கக்கூடாதுன்னு."

வண்டி எஞ்சின் ஓடவில்லை. காற்றும் அந்த நேரம் பார்த்து அடங்கியிருந்தது. காலிபா தொண்டையைச் செருமினாள். கல்யாணப் பாட்டு ஒன்றைத் தொடங்கினாள், அது நின்றுபோனது. சின்ன வயதில் அண்ணன் குதிரைமேல் உட்காரவைத்துப் பாடியது ஒன்றை எடுத்தாள், அதுவும் இரண்டு வார்த்தைக்குமேல் வரவில்லை.

"காலிபா, பாடு" என்றாள் ஜூராகான் பின்னாலிருந்து. "என்னால அடக்க முடியல."

அப்போது அவளுக்கு வந்தது ஒப்பாரி ஒன்றுதான். கோட்டை விரித்துப் பிடித்தபடியே, ஆளில்லாத ரோட்டைப் பார்த்து, தொண்டை கிழிய அவள் அதை எடுத்தாள்.

"வழியெல்லாம் நின்னவரே..."